படித்து முடித்த டொக்டருக்கு இன்னும் என்ன படிப்பு?

ஹுன்னஸ்கிரியச் சந்தியிலிருந்து லூல்வத்தைப் பக்கம் ஏறும் பாதையில், வீதியை விட்டுச் சற்று உள்ளே தள்ளி, தேயிலைக்கு நடுவே ஒரு லயம் இருக்கிறது. அதன் கடைசிக் காம்பராவில் குடியிருக்கும் தாய் ஒருவரின் பசு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் மாசி மாதத்தில் இறந்துபோயிற்று. ஜேர்சிக் கலப்புப் பசு. நான்காம் ஈற்று. கிடாரிக் கன்று ஒன்றை ஈன்ற இரண்டாம் நாள் காலையில் அது எழும்பவில்லை. நெஞ்சை நிலத்தில் ஊன்றிப் படுத்து, கழுத்தை மடித்துத் தலையை விலாப்பக்கம் வைத்துக்கொண்டது. காதைத் தொட்டால் குளிர்ந்திருந்தது.

அந்தத் தாய் அன்று கொழுந்துக்குப் போகவில்லை. மகனை அனுப்பி மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னார். டொக்டர் பேராதனைக்கு வகுப்புக்குப் போயிருக்கிறார், நாளைப் பின்னேரம்தான் வருவார் என்று பதில் வந்தது. அயலவர்கள் இஞ்சியும் கருப்பட்டியும் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். மாலையில் வயிறு உப்பியது. இருட்டும்போது எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் காலை நாம் அங்கே போனபோது ஓடைக்கரையில் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மகளிர் சங்கத்தில் கடன் எடுத்து வாங்கிய மாடு. கடனில் பாதி இன்னும் மீதியிருந்தது. பிள்ளைகள் இருவரின் பாடசாலைச் செலவும் அந்தப் பாலில்தான் நடந்து வந்தது.

"என்னாங்க சாமி, படிச்சு முடிச்சுத்தானே டொக்டரு ஆனாரு. இன்னமும் என்னா படிப்பு அவருக்கு?" என்று அந்தத் தாய் கேட்டார்.

நாம் அவ்வேளையில் பதில் சொல்லவில்லை. குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு தொடர்கல்வியின் அவசியத்தைப் பற்றி விளக்கம் கொடுக்க எமக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தக் கேள்வி எம்மை விட்டுப் போகவுமில்லை. பலரிடம் கேட்டும் சிலவற்றைப் படித்தும் அறிந்தவற்றை வைத்து இங்கே அதற்குப் பதில் தேட முயல்கிறோம். டொக்டர் வகுப்புக்குப் போனது சரியே என்பதும், அந்தத் தாய் கோபப்பட்டதும் சரியே என்பதும் எமது எண்ணம். இரண்டும் எப்படி ஒருசேரச் சரியாகும் என்று வாசகர் கேட்கலாம்.

அந்தப் பசுவைக் கொன்ற நோயிலிருந்தே தொடங்குவோம். அதைப் பால் காய்ச்சல் என்கிறார்கள். பெயரே பிழை. அதில் காய்ச்சல் கிடையாது. மாறாக உடல் குளிர்ந்துவிடும். கன்று ஈன்றவுடன் மடியில் பால் பெருகும்போது இரத்தத்திலுள்ள கல்சியம் பாலுக்குள் இழுக்கப்படுகிறது. எலும்பிலிருந்தும் தீனியிலிருந்தும் அதை உடனே ஈடுசெய்ய முடியாத பசுவின் தசைகள் தளர்ந்து போகின்றன. கால் நிற்காது, குடல் அசையாது, கடைசியில் இருதயமும் ஓய்ந்துவிடும். கல்சியம் கலந்த மருந்தை நேரத்தோடு நாளத்தில் மெதுவாக ஏற்றினால், செத்ததென்று நினைத்த மாடு சில வேளைகளில் மருந்து முடிவதற்குள் எழுந்து நின்று சாணம் போடும். அவசரப்பட்டு ஏற்றினால் அந்த மருந்தே இருதயத்தை நிறுத்திவிடும். ஆகவேதான் பழகிய கை வேண்டும் என்கிறோம்.

இனி, ஐரோப்பாவில் 1890 அளவில் படிப்பை முடித்து வேலைக்குப் போன ஒரு மிருக வைத்தியரை எண்ணிப் பாருங்கள். இந்நோய் கண்ட பசுக்களில் பாதிக்கு மேற்பட்டவை சாகும் என்பதே அவருடைய ஆசிரியர்கள் அவருக்குக் கொடுத்த அறிவு. அவர் வேலையில் சேர்ந்து சில ஆண்டுகளில், 1897இல், டென்மார்க்கின் கோல்டிங் என்ற ஊரைச் சேர்ந்த ஷ்மிட் என்ற மிருக வைத்தியர், நோயின் நஞ்சு மடியிலேயே உண்டாகிறதெனக் கருதி, மடிக்குள் பொட்டாசியம் அயடைட்டுக் கரைசலைச் செலுத்தினார். பசுக்கள் பிழைத்தன. பின்னர் மருந்தே தேவையில்லை, மடிக்குள் வெறும் காற்றை அடித்தாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். சைக்கிள் பம்பினால்கூட அடித்தார்களாம். ஷ்மிட்டின் எண்ணம் பிழை, வைத்தியமோ சரி. மடி காற்றால் இறுகியபோது பால் சுரப்பது நின்றது. இரத்தத்தில் இருந்த கல்சியம் அங்கேயே தங்கியது. இந்த விளக்கம் அப்போது எவருக்கும் தெரியாது. 1925இல்தான் எடின்பரோவில் டிரையர், கிறெய்க் என்ற இருவர் கல்சியக் குறைவே காரணம் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அதன் பிறகுதான் நாளத்தில் ஏற்றும் கல்சிய மருந்து வழக்கத்துக்கு வந்தது. அப்போது நாம் சொன்ன மனிதர் ஓய்வுபெறும் வயதை எட்டியிருப்பார். ஒரு நோய்க்காக மட்டும் அவர் தமது ஆயுளில் இரண்டு முறை தாம் கற்றதை அழித்து எழுத வேண்டியிருந்தது. அழித்து எழுத மறுத்தவர்களின் ஊரில் பசுக்கள் பழையபடியே செத்திருக்கும்.

கதை அதோடும் முடியவில்லை. கன்று ஈனப்போகும் பசுவுக்குக் கடைசி வாரங்களில் கல்சியத்தை அள்ளிக் கொடுத்தால் பாதுகாப்பு என்றுதான் சாதாரணமாக எவரும் நினைப்பார்கள். நாமும் அப்படித்தான் நினைத்திருந்தோம். உண்மை நேர்மாறானது. அள்ளிக் கொடுத்தால் பசுவின் உடல் தன் எலும்பிலிருந்து கல்சியத்தை எடுக்கும் பழக்கத்தை மறந்திருக்கும். தேவைப்படும் நாளில் திணறிப்போகும். ஈனுவதற்கு முந்திய வாரங்களில் தீனியிலுள்ள உப்புக்களின் சமநிலையை எப்படி வைத்துக்கொள்வது என்பது கடந்த சில பத்தாண்டுகளில் வளர்ந்த அறிவு. அதைத் தெரிந்த வைத்தியர் ஒருவர், மாடு படுத்த பிறகு ஓடிவருவதைவிட, ஈனுவதற்கு ஒரு மாதம் முன்னரே அந்த லயத்தில் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

ஆகவே அந்தத் தாயின் கேள்விக்கு முதற் பதில் இதுதான்: டொக்டர் படித்து முடிப்பதில்லை.

எமது நாட்டிலேயே இதற்குக் கசப்பான சாட்சிகள் உண்டு. ரிண்டர்பெஸ்ட் எனப்படும் மாட்டு வெக்கை நோய் இலங்கையிலிருந்து ஒழிந்து நாற்பது ஆண்டளவாகியிருந்தது. 1987இல் அது திரும்ப வந்தது. இந்திய அமைதிப் படையினரின் உணவுக்காகக் கப்பலில் வந்த ஆடுகளோடு சேர்ந்து வந்ததென்பார்கள். அப்போது சேவையிலிருந்த ஒரு தலைமுறை வைத்தியர்கள் அந்த நோயைப் புத்தகத்தில் மட்டுமே கண்டவர்கள். கண்ணால் காணாத நோயை முதல் மாட்டிலேயே அடையாளம் காண்பது எவ்வளவு கடினம் என்பதை நாம் உணரவேண்டும். 1994க்குப் பின்னர் அது இங்கே காணப்படவில்லை. 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததென அறிவித்தார்கள். தோல் கழலை நோயோ இதற்கு மறுபக்கம். நீண்டகாலம் ஆபிரிக்காவோடு நின்றிருந்த அது 2019இல் இந்தியாவுக்கும் 2020இல் எமது வடமாகாணத்துக்கும் வந்து, பின்னர் மற்ற மாகாணங்களுக்கும் பரவியது. எமது வைத்தியர்களைப் பதிவுசெய்யும் 46ஆம் இலக்கச் சட்டம் 1956இல் எழுதப்பட்டபோது நாய்க்குட்டிகளை இரத்தக் கழிச்சலில் கொல்லும் பார்வோ வைரஸ் என்ற ஒன்று உலகில் அறியப்படவே இல்லை. அது 1978இல் கண்டறியப்பட்டு ஓரிரு ஆண்டுகளுக்குள் கண்டங்களைத் தாண்டிப் பரவியது. பதிவேட்டில் பெயர் எழுதிய நாளில் இருந்த அறிவோடு ஒருவர் நாற்பது ஆண்டுகள் ஊசி போட்டுக்கொண்டிருக்க முடியாது.

நாயா, மாடா?

பசு இறந்து சில வாரங்கள் சென்றபின் அந்த வைத்தியரைச் சந்தித்தோம். அவர் சிங்களவர், வயதில் இளையவர். நடந்ததை அறிந்து மிகவும் வருந்தினார். "பாதர், அந்த இரண்டு நாளும் நான் படித்தது என்ன தெரியுமா? நாய்களுக்குச் செய்யும் கருத்தடைச் சத்திரசிகிச்சை" என்றார்.

இதைக் கேட்டதும் எமக்குக் கோபமே வந்தது. பால் மாடு சாகும்போது நாய்க்கு வகுப்பா என்ற கோபம். ஆனால் அதே வைத்தியர் ஆறு மாதத்துக்குள் பக்கத்துத் தோட்டத்தின் பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் கூடாரம் அடித்து, இரண்டு நாட்கள் பெட்டை நாய்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தார். முன்னர் நீண்ட வெட்டுப் போட்டு, ஒரு வாரம் நாயைக் கட்டிவைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். கட்டிவைக்க இடமில்லாத லயத்தில் காயம் பழுத்துவிடும். இம்முறை சிறு வெட்டு. அன்று மாலையே நாய்கள் வீடு போயின. விசர்நாய்க்கடி நோய்க்கு எதிரான ஊசியையும் அங்கேயே போட்டார். அந்த நோயின் அறிகுறி தோன்றிய மனிதனைக் காப்பாற்ற இன்றும் மருந்து கிடையாது என்பதையும், கடிபடுபவர்களில் பலர் சிறுவர்கள் என்பதையும் நினைத்தால் நாய் வகுப்பை இகழ எவருக்கும் உரிமையில்லை. கட்டாக்காலி நாய்களைக் குறைப்பது லயத்துப் பிள்ளைகளின் சுகாதாரம். எமது கோபம் பாதி நியாயமற்றதாகிவிட்டது.

மீதிப் பாதி இன்னும் இருக்கிறது. உலகெங்கும் வைத்தியர்களுக்கான வகுப்புகள் பணம் இருக்கும் பக்கம் சாய்கின்றன. நகரத்தில் நாயும் பூனையும் வளர்ப்பவர் பணம் கொடுப்பார். அவற்றின் தீனியையும் மருந்தையும் விற்கும் கம்பெனிகள் கருத்தரங்குக்கு மண்டபமும் மதிய உணவும் கொடுக்கும். ஒற்றை மாட்டுக்காரிக்காக எந்தக் கம்பெனி மண்டபம் எடுக்கும்? சின்ன மிருகத்துக்கு ஒரு வைத்தியர், பெரிய மிருகத்துக்கு வேறொரு வைத்தியர் என்று பிரித்துக்கொள்வது கண்டி நகரத்தில் நடக்கலாம். தும்பறை மலையில் காலையில் நச்சுக்கொடி விழாத எருமை, பகலில் சிறுத்தை பிறாண்டிய நாய், பின்னேரம் கழிச்சல் கண்ட ஆட்டுக்குட்டி, வழியில் யாரோ நிறுத்திக் காட்டும் கோழி என்று எல்லாவற்றையும் ஒருவரே பார்க்கிறார். அவருக்குத் தேவை இரண்டு பக்கமும் சேர்ந்த அறிவு. ஒரு பக்கம் மட்டும் புதுப்பிக்கப்பட்டால் மறு பக்கம் துருப்பிடிக்கும்.

ஆற்றங்கரையில் இருக்கும் அறிவு

எமக்கு வியப்பளிக்கும் ஒன்றைச் சொல்லவேண்டும். இந்த நாட்டில் மிருக வைத்தியம் பற்றிய அறிவு அனைத்தும் மகாவலி கண்டியைச் சுற்றி வளையும் இடத்தில்தான் குவிந்து கிடக்கிறது. எமது வைத்தியர்களை உருவாக்கிவரும் பீடம் பேராதனைப் பல்கலைக்கழகத்தில். கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் கெட்டம்பையில். மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவையில். திணைக்களத்தின் தொடர்கல்வி நிறுவனமும் அங்கேயே. எமது பஸ் கண்டியிலிருந்து வரும் வழியிலேயே குண்டசாலை. அங்கே செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையம், அருகே கரந்தகொல்லையில் கால்நடை வளர்ப்புப் பாடசாலை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ இருக்கும் ஒருவர் தமக்கு எல்லாம் தூரம் என்று முறையிட்டால் நியாயம். ஹுன்னஸ்கிரிய அதே மாவட்டத்தில், இவற்றிலிருந்து ஐம்பது கிலோமீற்றருக்குள் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தத் தாயின் பசு, நோயின் பெயர்கூடச் சொல்லப்படாமல் புதைக்கப்பட்டது. விளக்கின் அடியில் இருள் என்பது இதுதான்.

தூரம் கிலோமீற்றரில் இல்லை. வைத்தியர்தான் எப்போதும் கீழே இறங்கிப் போகவேண்டும் என்ற வழக்கத்தில் இருக்கிறது. அவர் போகும் நாளில் இங்கே மாற்று ஆள் கிடையாது. வைத்தியசாலை டொக்டர் பயிற்சிக்குப் போனால் வேறொரு டொக்டர் நோயாளியைப் பார்ப்பார். பாடசாலையில் ஆசிரியர் போனால் பக்கத்து வகுப்பு ஆசிரியராவது எட்டிப் பார்ப்பார். மாட்டுக்கு மட்டும் காத்திருக்கச் சொல்கிறோம். பால் காய்ச்சல் காத்திருக்காது. ஆகவே தொடர்கல்வியின் செலவு எது என்று கேட்டால், பயணப்படியும் மதிய உணவும் மட்டுமல்ல, அந்த இரண்டு நாளில் இறக்கும் மாடும் அதன் செலவே என்போம். அந்தச் செலவை இன்றைக்குச் சுமப்பவர், நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்.

இதற்குப் பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. வைத்தியர் வகுப்புக்குப் போகும் நாட்களை ஒரு வாரம் முன்னரே பால் சேகரிப்பு நிலையத்தின் சுவரில் எழுதி ஒட்டலாம். அந்நாட்களில் பக்கத்துப் பிரிவு வைத்தியரின் தொலைபேசி இலக்கத்தையும் அதிலேயே எழுதலாம். பக்கத்துப் பிரிவுக்காரரும் அதே நாளில் அதே வகுப்பில் இருந்தால் இந்த ஏற்பாடு உடைந்துபோகும். எனவே ஒரே வகுப்பை இரு தடவையாக நடத்தி ஆட்களைப் பிரித்து அழைக்கவேண்டும். 2022இல் எரிபொருள் இல்லாத மாதங்களில் எமது வைத்தியர்கள் தொலைபேசியில் படம் பார்த்தே எத்தனையோ மாடுகளுக்கு வழி சொன்னார்கள். அந்தக் கெட்ட காலத்தில் கற்ற நல்ல பழக்கம் எரிபொருள் வந்ததும் ஏன் குறைந்துபோனது என்று எமக்கு விளங்கவில்லை.

அதைவிட முக்கியமானது, வகுப்பே மலையேறி வரவேண்டும். பேராதனைப் பேராசிரியர் ஒருவர் இறுதியாண்டு மாணவர்கள் சிலரோடும் நாலைந்து பிரிவுகளின் வைத்தியர்களோடும் ஹுன்னஸ்கிரியவுக்கு இரண்டு நாள் வந்து தங்கட்டும். மண்டபத்துக்கு நாம் பொறுப்பு. ஆனால் மண்டபம் இரவுக்கு மட்டும் போதும். பகலில் லயத்துப் பட்டிகளில் நில்லுங்கள். வழுக்கும் சரிவில், ஒரு மாடு மட்டுமே திரும்பக்கூடிய கொட்டிலில், மழை ஒழுகும் தகரத்தின் கீழ், கைவிளக்கு வெளிச்சத்தில் நாளத்தைத் தேடிப் பிடிப்பது வேறொரு கலை. திரையில் படம் காட்டி அதைக் கற்பிக்க முடியாது. இறந்த மாடு ஒன்று கிடைத்தால் அதை அறுத்துப் பார்த்து, ஏன் இறந்தது என்பதை உடையவருக்கும் சொல்லிவிட்டுப் புதையுங்கள். எமது மக்கள் ஆயிரக்கணக்கான மாடுகளைப் புதைத்திருக்கிறார்கள். காரணம் தெரிந்து புதைத்தவை மிகச் சில.

அந்த இரவில் வைத்தியர்கள் தமக்குள் பேசுவதற்கும் ஒரு பொருள் உண்டு. தாம் காப்பாற்றிய மாட்டைப் பற்றிப் பேசாமல், தமது கையில் இறந்த ஒன்றைப் பற்றி ஒவ்வொருவரும் பேசட்டும். மனித வைத்தியர்கள் பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்படிக் கூடிப் பேசுவதுண்டு. தனியே ஒரு பிரிவில் பத்து ஆண்டு வேலை செய்பவருக்குத் தமது பிழையைச் சொல்ல ஆள் கிடைப்பதில்லை. குருக்களாகிய எமக்கும் இந்த வியாதி தெரியாததல்ல.

மாடு பேசாது, மாட்டுக்காரி பேசுவார்

மிருக வைத்தியருக்கு நோயாளி வாய் திறப்பதில்லை. ஆகவே மாட்டைப் பார்ப்பவரின் சொல்லே பாதி நோயறிதல். எமது பகுதியில் அந்தச் சொல் தமிழில் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும் சிங்களவர். அவர் படித்தது ஆங்கிலத்தில். "அசை போடல", "மடி கல்லாட்டம் இருக்கு", "காளைக்குக் கத்துனிச்சு, அப்புறம் நின்னுடிச்சு" என்று ஒரு தாய் சொல்வதில் முழு நோய் வரலாறு அடங்கியிருக்கிறது. நடுவில் நின்று மொழிபெயர்க்கும் பையன் அதை "மாட்டுக்குச் சுகமில்லையாம்" என்று சுருக்கிவிடுகிறான். 2007ஆம் ஆண்டின் அரச நிர்வாகச் சுற்றறிக்கைப்படி புதிதாகச் சேரும் உத்தியோகத்தர் இரண்டாம் அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெறவேண்டும். நல்ல விதி. ஆனால் அந்தப் பரீட்சைக்குக் கடிதம் எழுதக் கற்றவருக்குச் "சினை நிக்கல" என்பது விளங்காது. மலையகத்தில் மாடு வளர்க்கும் பெண்களின் வாய்ச்சொற்கள் ஒரு நூறைத் தொகுத்து, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் பொருள் எழுதி, வைத்தியர்களின் தொடர்கல்வியில் ஒரு பாடமாகவே வைக்கலாம். தமிழ் வைத்தியர் சிங்களக் கிராமத்துக்கு நியமிக்கப்பட்டால் அவருக்கும் இதே உதவி வேண்டும். இதை ஓர் இனத்தின் சலுகையாகப் பார்க்கத் தேவையில்லை. காது வைத்துக் கேட்கும் குழாய் எப்படியோ அப்படி இதுவும் ஒரு கருவி.

மறுதிசையிலும் இது வேலை செய்யும். மடியழற்சிக்கு நுண்ணுயிர்கொல்லி ஊசி போட்டபின் இத்தனை நாளைக்குப் பாலை விற்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லவேண்டும். சொல்கிறார், ஆனால் அது சரியாகப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தாலும், மூன்று நாள் பாலை ஊற்றிவிடச் சொன்னால் அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று அவர் கேட்பதில்லை. பால் கொள்கலனில் கலக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் இப்படித்தான் பெருகுகின்றன. மருந்துச் சீட்டு எழுதக் கற்பிக்கும் வகுப்பு, இந்த மூன்று நாள் வருமானத்தைப் பற்றியும் பேசவேண்டும்.

கல்வி மேலிருந்து கீழே மட்டும் ஓடுவதில்லை என்பதற்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே 1989இல் கால்நடை மருத்துவத்துக்கென்று தனிப் பல்கலைக்கழகம் அமைத்து, மாவட்டங்களிலும் பயிற்சி மையங்களை வைத்தார்கள். அதன் பேராசிரியர் புண்ணியமூர்த்தி, கிராமத்தார் கைவைத்தியமாகச் செய்துவந்தவற்றை ஆராய்ந்து, சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து அரைத்து மடியில் பூசும் முறையைப் பரப்பினார். இந்தியத் தேசிய பால்வள வாரியமும் அதை எடுத்துக்கொண்டது. எல்லா மடியழற்சிக்கும் அது போதும் என்று நாம் சொல்லவில்லை. எங்கே போதும், எங்கே ஊசி வேண்டும் என்று பிரித்தறியத்தான் படித்த வைத்தியர் வேண்டும். எமது பட்டிகளில் வளரும் சீ.ஓ. 3 புல்லும் கோயம்புத்தூரிலிருந்து வந்ததுதான். புல் கடல் கடந்து வந்த வழியில் அறிவும் வரலாம்.

வகுப்பைக் கட்டாயமாக்கவேண்டுமா என்று சிலர் கேட்கிறார்கள். பிரித்தானியாவில் 2020 முதல் ஒவ்வொரு மிருக வைத்தியரும் ஆண்டுக்கு 35 மணித்தியாலம் கற்றதாகக் காட்டவேண்டும். கற்றதனால் தமது வேலையில் என்ன மாறியது என்று சிந்தித்துப் பதிவும் செய்யவேண்டும். மணித்தியாலக் கணக்கு இங்கேயும் நல்லதே. ஆனால் எமது நாட்டுக் கருத்தரங்குகளை நாம் அறிவோம்: வரவுக் கையொப்பம், மங்கள விளக்கு, தேநீர், பிரதம விருந்தினரின் தாமதம், சான்றிதழ். அரச சார்பற்ற நிறுவனங்களாகிய நாமும் இதில் கைதேர்ந்தவர்கள்தான். மணித்தியாலத்தை எண்ணுவதோடு, திரும்பி வந்தபின் தமது பிரிவில் எதை மாற்றினார் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதச் சொன்னால் போதும். நாம் மேலே சொன்ன வைத்தியருக்கு அதில் எழுத விஷயம் இருந்திருக்கும்.

இன்னொன்று. வைத்தியர் மட்டும் கற்றால் வேலை நடக்காது. கால்நடை அபிவிருத்தி உத்தியோகத்தரும், வீடு வீடாகச் சென்று சினை ஊசி போடுபவரும், பால் அளக்கும் பையனும்கூட அந்த இரண்டு நாளில் ஒரு மணித்தியாலமாவது உட்காரவேண்டும். கழுத்தை மடித்துப் படுத்த மாட்டைக் கண்டவுடன் "இது இன்றைக்கே பார்க்கவேண்டியது" என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அன்று லயத்தில் இருந்திருந்தால், பக்கத்துப் பிரிவுக்கு ஆள் அனுப்பியிருப்பார்கள்.

எமது வைத்தியரிடம் இவற்றையெல்லாம் சொன்னோம். சுவரில் நாட்களை எழுதி ஒட்டும் யோசனையை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். கடந்த ஆண்டிலிருந்து அப்படியே செய்கிறார். சிங்களத்தில் மட்டும் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, தமிழில் நாம் எழுதிக் கொடுத்தோம். பேராதனைக்கு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.

தாயில்லாமல் நின்ற அந்தக் கிடாரிக் கன்று அயல் வீட்டுப் பாலில் வளர்ந்து இப்போது முதற் சினையாக இருக்கிறது. ஐப்பசியில் ஈனும். முதல் ஈற்றில் பால் காய்ச்சல் வருவது அரிது என்று நாம் சொல்லியும் அந்தத் தாய்க்கு நம்பிக்கை வரவில்லை. ஐப்பசியில் டொக்டருக்கு வகுப்பு ஏதும் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லும்படி எம்மிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்.